ரெட்டை விழுந்த காசு

என் பெயர் கன்னையன். போடி ஜீப் ஸ்டாண்டில் இருந்து போடிமெட்டு வழியாகப் பூப்பாறைக்கு எஸ்டேட் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்வந்த டிரைவர்களில் நானும் ஒருத்தன். இது என் பொண்டாட்டி சுருளியம்மாளுக்கு நடந்தது. அவளைச் சொல்லச் சொன்னால், "அதெல்லாம் முடிஞ்சு போச்சு, போய் வேற சோலியைப் பாருங்க" என்று விரட்டிவிடுவாள். அதனால் நான் சொல்கிறேன்.

அவள் ஏலக்காய் மூட்டை அடுக்கிவைக்கும் கிட்டங்கி ஒன்றில் வேலை பார்த்தாள். மலையில் இருந்து மூட்டை மூட்டையாக இறங்கும் காயைச் சொளகில் பரப்பி, பச்சை தனி, வெளுத்தது தனி, வெடித்தது தனி என்று பிரிக்க வேண்டும். காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை குனிந்த தலை நிமிராது. வீட்டுக்கு வந்தும் அவள் கை சும்மா இருக்காது. எஸ்டேட் சனம் ஜீப்புக்குக் கொடுப்பதெல்லாம் சில்லறைதான். என் சட்டைப் பை ஒரு பக்கமாய் இழுத்துக்கொண்டு தொங்கும். அதைச் சொளகில் கொட்டச் சொல்லி, பத்துப் பைசா, நாலணா, எட்டணா, ரூபாய் என்று அவளே பிரித்துத் தருவாள்.

எழுபத்தொன்பதாம் வருசம் ஐப்பசி. மழை பிடித்து மேட்டுச் சாலையில் மண் சரிந்து, நான் வெள்ளெனவே வீடு திரும்பிய ஒரு நாள். அவள் ஒரு நாலணாவை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனாள். வெகு நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மாமா, இங்க வாங்க. இந்த வருசத்தைப் பாருங்க."

பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"ஒவ்வொரு எழுத்துக்கும் ஒட்டுனாப்ல இன்னொரு எழுத்து நிக்குது. சிங்கத்துக்குக்கூட ரெண்டு தாடை."

"தேஞ்ச காசா இருக்கும் புள்ள."

"இது புதுக்காசு. தேயவே இல்ல" என்றாள். அந்த நாலணாவை மட்டும் தனியே எடுத்து, காப்பித்தூள் வந்த தகர டப்பாவில் போட்டாள்.

அன்றோடு விடவில்லை. தினமும் தேடினாள். எப்போதாவது ஒன்று கிடைக்கும். சில சமயம் மாசக்கணக்கில் கிடைக்காது. கிடைத்தால் முகமே வேறு மாதிரி ஆகிவிடும். சிலதில் எழுத்து வலப்பக்கம் நகர்ந்து நிற்கும், சிலதில் இடப்பக்கம். ஒரு எட்டணாவில் எல்லா எழுத்தும் சுழன்றாற்போல் இருக்கும். எதற்குச் சேர்க்கிறாய் என்று கேட்டேன். "பார்க்கப் பிடிச்சிருக்கு" என்றாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. தெருவுக்குப் போதவில்லை.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமாகிப் பல வருசம் ஆகியிருந்தது. எதிர்வீட்டுச் சந்திரவல்லி குழாயடியில் வைத்து, "பாவம், தூக்கிக் கொஞ்ச ஒண்ணு இல்ல, காசைக் கொஞ்சிக்கிட்டு இருக்கா" என்று சொல்லியிருக்கிறாள். சுருளி குடத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏன் சந்திரவல்லி, உனக்கு நாலு பிள்ளை இருக்கே, நீ எதுக்குச் சினிமா பாக்குற? பிள்ளை பத்தலையா?"

குழாயடியே சிரித்துவிட்டது. சந்திரவல்லி அதன்பின் எங்களோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். சுருளி அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

பிறகு சில்லறைத் தட்டுப்பாடு வந்தது. எண்பத்தொன்று, எண்பத்திரண்டு அந்தச் சமயம். கடையில் மீதி கேட்டால் மிட்டாயைக் கொடுப்பார்கள். பஸ்சில் கண்டக்டரோடு தினமும் சண்டை. யாரோ சில்லறையை மூட்டை கட்டிப் பதுக்குகிறார்கள், யாரோ கள்ளக்காசு அடித்து விடுகிறார்கள் என்று ஆளாளுக்கு ஒரு பேச்சு.

அந்தச் சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளைத்துரை கடையில் அது நடந்தது. கடைத்தெருவிலேயே பெரிய பலசரக்குக் கடை அவருடையது. எஸ்டேட் சனம் ஞாயிறு இறங்கி வந்தால் அரிசி, பருப்பு, கருவாடு எல்லாம் அங்கேதான். மொக்கம்மாள் என்று ஒரு பெண், பூப்பாறைப் பக்கம் காய் எடுக்கிறவள், மலையாளம் கலந்து பேசுவாள், என் ஜீப்பில்தான் ஏறி இறங்குவாள். அவள் சாமான் வாங்கிக்கொண்டு காசை நீட்டினாள். வெள்ளைத்துரை அதில் ஒரு ரூபாயை எடுத்து உற்றுப் பார்த்தார்.

"ஏய், இது எங்க கிடைச்சுச்சு உனக்கு?"

"எஸ்டேட்டுல சம்பளத்துல குடுத்த பைசா முதலாளி."

"கள்ளக்காசு இது. எழுத்து ரெண்டு ரெண்டா விழுந்திருக்கு பாரு. மலையில இருந்துக்கிட்டு இந்த வேலையும் பாக்குறீங்களா?"

கடை முழுக்கக் கூட்டம். மொக்கம்மாள் கட்டிய சாமானை அவர் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டார். அவள் கண்ணில் நீர் முட்டிவிட்டது. சுருளி எண்ணெய் வாங்கப் போனவள், கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டாள்.

"கள்ளக்காசு இல்ல முதலாளி. நல்ல ரூபாதான். ரெட்டை விழுந்திருக்கு, அவ்வளவுதான். எங்கிட்ட இந்த மாதிரி நிறைய இருக்கு. வேணும்னா அதை எங்கிட்டக் குடுங்க, வேற ரூபா தர்றேன்."

உதவி செய்யத்தான் சொன்னாள். வெள்ளைத்துரை பிடித்துக்கொண்டார்.

"நிறைய இருக்கா? உங்கிட்டயா? அப்ப இந்தக் காசு கிளம்புறது உன் வீட்டுல இருந்துதானா?"

பக்கத்துக் கொல்லுப்பட்டறைக்கு அந்த ரூபாயை அனுப்பி நடுவில் துளை போட்டு வாங்கினார். கல்லாப்பெட்டி மூடியில் வைத்து, எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி ஆணி அடித்தார். "இனிமே எவளும் எங்கிட்ட இந்த வேலை காட்டக் கூடாது" என்றார். மொக்கம்மாள் சாமான் இல்லாமலே ஜீப்பில் வந்து ஏறினாள். மேடு ஏறும் வரையில் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

மறுநாளில் இருந்து பேச்சு எங்களைச் சுற்றியது. ஜீப்பில் ஏறினவர்கள் நான் மீதி கொடுத்தால் வெயிலில் காட்டிப் பார்த்தார்கள். சிலர் என் ஜீப்பை விட்டுவிட்டு அடுத்த ஜீப்புக்கு நின்றார்கள். கிட்டங்கியில் சுருளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். அந்த வாரக் கடைசியில், ஜீப்பின் சொந்தக்காரர் அழகுமலை என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

"கன்னையா, உன்னைக் குத்தம் சொல்லல. ஆனா லோடு குறையுதுப்பா. அந்த டப்பாவை ஆத்துல போட்டுட்டேன்னு நாலு பேருக்குத் தெரியிற மாதிரி போட்டுட்டு வா. இல்லேன்னா சாவியைக் கொண்டா."

வீட்டுக்கு வந்து சுருளியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள், நிறுத்தவில்லை.

"கொட்டகுடி ஆத்துல வெள்ளம் வேற போகுது" என்றேன். "போட்டா போட்டதுதான். நமக்கு என்ன நட்டம், சொல்லு?"

"போட்டா என்ன சொல்லுவாங்க? பயந்துக்கிட்டுப் போட்டுட்டா, அப்ப கள்ளக்காசுதான்னு சொல்லுவாங்க. மொக்கம்மாளும் கள்ளின்னு ஆயிரும். நான் போட மாட்டேன்."

"ஜீப்பு போயிரும் சுருளி."

"போகட்டும். ஜீப்பு ஓட்டத் தெரிஞ்சவருக்கு வேற ஜீப்பு கிடைக்கும்."

"வெள்ளைத்துரை ஸ்டேஷன்ல சொல்லிட்டா?"

"அவரு என்ன சொல்றது? நானே போறேன்."

சும்மா சொல்கிறாள் என்று நினைத்தேன். மறுநாள் சனிக்கிழமை. காலையில் குளித்து, கல்யாணச் சேலையை எடுத்துக் கட்டினாள். டப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். சந்து வழியாகப் போனால் ஸ்டேஷன் பக்கம்தான். அவள் கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டு, வெள்ளைத்துரை கடை முன்னால் நடந்து போனாள். டப்பா கலகலவென்று சத்தம் போட்டது. நான் பின்னால் போனேன். ஸ்டேஷன் வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் எங்கள் பின்னால் ஒரு கூட்டமே வந்துகொண்டிருந்தது.

ஏட்டையா மேசையில் டப்பாவைக் கவிழ்த்தாள்.

"ஏட்டையா, நான் கள்ளக்காசு அடிக்கிறேன்னு ஊருல சொல்றாங்க. இதுதான் அந்தக் காசு. பார்த்துச் சொல்லுங்க. தப்புன்னா என்னை உள்ள வைங்க. தப்பு இல்லேன்னா அதை ஊருக்குச் சொல்லுங்க."

ஏட்டு இருபது வருசச் சர்வீசில் இப்படி ஒரு கேஸைப் பார்த்திருக்க மாட்டார். ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் தட்டிப் பார்த்தார், பல்லால் கடித்தும் பார்த்தார். கடைசியில் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் புரியலம்மா. வாங்க, பேங்குல கேப்போம்" என்றார்.

பேங்க் மேனேஜர் கண்ணாடி போட்ட, ஒல்லியான மனிதர். ஊருக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. முன்னால் பம்பாயில் சில்லறைப் பிரிவில் இருந்தவராம். ஒரு எட்டணாவைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்ததுமே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எல்லாம் கவர்ன்மென்ட் காசுதான். ஒண்ணுகூடக் கள்ளக்காசு இல்லை."

"அப்ப எழுத்து ஏன் சார் ரெட்டையா இருக்கு?" என்று கேட்டார் ஏட்டு.

"காசு அடிக்கிற மிஷின்ல அச்சு இறுக்கமா நிக்கணும். லேசா ஆட்டம் குடுத்துச்சுன்னா, அடிச்ச கையோட கொஞ்சம் நகர்ந்துரும். நகரும்போது எழுத்தோட ஓரத்தை அமுக்கி இழுத்துரும். அதான் பக்கத்துல படிக்கட்டு மாதிரி இன்னொரு எழுத்து தெரியுது. மிஷின் தப்பு. காசு செல்லும்."

சுருளி ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கி, அவர் சொன்ன ஓரத்தை அவளும் பார்த்தாள். பார்த்துவிட்டு, "ஆட்டம் குடுத்துருச்சா!" என்றாள். ஸ்டேஷனில் இருந்து அத்தனை பேர் பின்னால் வந்ததையும், எதற்காக வந்தோம் என்பதையும் அந்த நேரத்தில் மறந்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவன், "சார், அப்ப இதுக்கு ஆயிரக்கணக்குல விலை இருக்குமோ?" என்று கேட்டான். மேனேஜர் தலையை ஆட்டினார். "ரூபாய்க்கு ஒரு ரூபாதான். நாலணாவுக்கு நாலணாதான்." கூட்டத்தில் பாதி அதைக் கேட்டதுமே கலைந்துவிட்டது.

மேனேஜர் சுருளியைப் பார்த்தார். "அம்மா, இப்ப சில்லறைக்குத் தவியாத் தவிக்கிறோம். இதை இங்க குடுத்துட்டு நோட்டா வாங்கிக்கங்களேன்."

"நல்ல காசுன்னு நீங்களே சொல்லிட்டீங்கள்ல சார்?"

"ஆமா."

"அப்ப எங்கிட்டயே இருக்கட்டும்."

ஏட்டு குரலை உயர்த்தினார். "ஏம்மா, சில்லறையைப் பதுக்குனா அதுவும் கேஸ்தான், தெரியும்ல?"

"பதுக்குறவ இதை இடுப்புல வச்சுக்கிட்டுக் கடைத்தெரு வழியா வருவாளா ஏட்டையா? இது ஒரு டப்பா. கிட்டங்கி கிட்டங்கியாப் பூட்டி வச்சிருக்கிறவங்க வீட்டுக்குப் போயிட்டு வாங்க. அப்புறமா எங்க வீட்டுக்கு வாங்க."

மேனேஜர் மறுபடி சிரித்தார். ஏட்டுக்கும் மேற்கொண்டு பேச மனமில்லை. ஒவ்வொரு காசாகப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டு நாங்கள் வெளியே வந்தோம்.

அதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். அன்று சாயங்காலம் அழகுமலையும் வந்து, "சரிப்பா, நல்லதாப் போச்சு. நீ ஜீப்பை எடு. ஆனா வெள்ளைத்துரைகிட்ட வம்பு வேண்டாம். மலைக்குப் போற லோடு பாதி அவரு குடுக்கிறதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். சுருளி கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஞாயிறு. நான் மேலே இருந்து முதல் ட்ரிப் இறக்கிக்கொண்டு வந்தபோது அவள் ஸ்டாண்டில் நின்றிருந்தாள். மொக்கம்மாள் இறங்கியதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வா, உன் ரூபாயை வாங்கிட்டு வருவோம்."

"ஒண்ணும் வேண்டா சேச்சி. ஒரு ரூபா போனாப் போகுது."

"ரூபா போகலாம். கள்ளின்னு சொன்னாருல்ல, அது போகக் கூடாது. வா."

நானும் பின்னால் போனேன். கடையில் நல்ல கூட்டம். கல்லாப்பெட்டி மூடியில் ரூபாய் ஆணியோடு அப்படியே இருந்தது. பேங்கில் சொன்னது வெள்ளைத்துரைக்கும் எட்டியிருந்தது; இவர்களைக் கண்டதும் அவர் தராசைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார்.

"முதலாளி, அந்த ரூபாயை எடுத்துக் குடுங்க" என்றாள் சுருளி.

"நல்ல காசாமே, கேள்விப்பட்டேன். இந்தா, வேற ரூபா. எடுத்துக்கிட்டுப் போ." ஒரு ரூபாயைப் பலகையில் வீசினார்.

"அதுவும் வேணும். நீங்க துளை போட்டுக் கெடுத்ததுக்கு அது. ஆனா ஆணியில இருக்கிறதையும் எடுக்கணும். அது அங்க இருக்கிற வரைக்கும் பாக்குறவங்களுக்கு இவ கள்ளிதான்."

"என் கடை. என் பெட்டி. நான் எதையும் அடிப்பேன்."

"பெட்டி உங்களுது. காசு இவளுது. எடுங்க."

"எடுக்கலேன்னா?"

"எடுக்கிற வரைக்கும் இங்கயே நிப்பேன். எனக்கு இன்னைக்கு வேலை இல்ல."

நின்றாள். மொக்கம்மாளும் நின்றாள். மலையில் இருந்து வந்தவர்கள் பையை வைத்துக்கொண்டு, சாமான் கேட்காமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடையில் வேலை செய்கிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். வெள்ளைத்துரை மூடி மேல் உள்ளங்கையை விரித்து வைத்தார்.

சுருளி திரும்பி என்னைத் தேடினாள். "மாமா, ஜீப்புல குறடு இருக்கா?"

தெருவுக்கு எதிர்ப்பக்கம் டீக்கடையில் அழகுமலை உட்கார்ந்திருந்தார். என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். ஜீப்பு அவருடையது, குறடும் அவருடையது. எனக்கு அந்த வேலையை விட்டால் கையில் வேறொன்றும் கிடையாது. ஆனால் அத்தனை பேர் முன்னால் அவள் என்னைத்தான் கேட்டாள், வேறு யாரையும் கேட்கவில்லை. போய் சீட்டுக்கு அடியில் இருந்து குறட்டை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தேன்.

"கையை எடுங்க முதலாளி. பட்டுறப் போகுது."

அவர் மொக்கம்மாளைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார். ஆணி நன்றாக இறங்கியிருந்தது. சுருளி ஒரு காலைப் பலகையில் ஊன்றி, குறட்டைத் திருகித் திருகி இழுத்தாள். ஆணி கிறீச்சென்று கத்திக்கொண்டு வந்தது. துளை விழுந்த ரூபாயைச் சேலையில் துடைத்து மொக்கம்மாள் உள்ளங்கையில் வைத்தாள்.

மொக்கம்மாள் அதைப் பார்த்தாள். அப்போதுதான் வெள்ளைத்துரையைப் பார்த்து நிமிர்ந்தாள்.

"நான் மோட்டிச்ச பைசா, திருடுன பைசா இல்ல முதலாளி. காய் எடுத்த பைசா. போன வாரம் கட்டி வச்ச சாமானை எடுங்க."

வெள்ளைத்துரை சாமானைக் கட்டிக் கொடுத்தார். மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை. அவர் கேட்கிற ஆள் இல்லை.

அன்று மாலை அழகுமலை சாவியை வாங்கிக்கொண்டார். நான் சில மாதம் லாரிக்கு மாற்று டிரைவராகவும், அது இல்லாத நாளில் மூட்டை ஏற்றுகிறவனாகவும் இருந்தேன். வீட்டில் ஒருவேளைச் சமையல்தான். சுருளி ஒருநாள்கூட அதற்கு வருந்தவில்லை, என்னையும் வருந்த விடவில்லை. பிறகு ராசிங்காபுரத்துக்காரர் ஒருவர் பழைய ஜீப்பு ஒன்றை வாங்கிவிட்டு ஆள் தேடினார். மறுபடியும் மேடு ஏறினேன்.

அதற்குள் மலையில் அது வேறு விதமாகப் பரவியிருந்தது. எஸ்டேட் சனம் சம்பளக் காசை வெயிலில் பிடித்து ரெட்டை தேட ஆரம்பித்தார்கள். கிடைத்தால் அதை மடியில் தனியாக முடிந்துவைத்து, ஞாயிற்றுக்கிழமை வெள்ளைத்துரை கடைக்கே கொண்டுபோய், பலகையில் டொக்கென்று வைத்து, "நல்லாப் பாத்துக்கங்க முதலாளி" என்பார்கள். அவர் பார்க்காமல் கல்லாவில் போட்டுக்கொள்வார். சுருளிக்கு இது பிடிக்கவில்லை. "எங்கிட்டக் கொண்டாந்திருக்கலாம்ல, எல்லாத்தையும் அந்தாளுக்கே குடுக்குறாங்களே" என்று கடுகடுத்தாள்.

எண்பத்தாறில் மதுரையில் இருந்து பழைய காசு வியாபாரி ஒருத்தர் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். இந்தக் கதையை யாரோ சொல்லியிருக்கிறார்கள். மரியாதையான மனிதர். சுருளி அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டு டப்பாவைக் கொண்டுவந்தாள். அது இப்போது இரண்டு டப்பா. அவர் வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனார்; முகம் வரவர வாடியது.

"தப்பா நினைக்காதீங்கம்மா. அச்சை வெட்டும்போதே ரெட்டையா விழுந்திருந்தா, அந்தக் காசுக்கு நல்ல விலை உண்டு. இது எல்லாம் அடிக்கும்போது நகர்ந்தது. இதுக்கு யாரும் கூட ஒரு பைசா தர மாட்டாங்க. குப்பைதான். இத்தனை வருசம் வீணாப் போச்சே உங்களுக்கு."

"என்ன வீணாப் போச்சு?" என்றாள் சுருளி.

"இல்ல, சேத்து வச்சிருக்கீங்களே..."

"விக்கிறதுக்குச் சேத்தேன்னு உங்ககிட்ட யாரு சொன்னது?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். சுருளி அவர் முன்னால் கிடந்த காசுகளைச் சேர்த்து எடுத்து டப்பாவில் போட்டாள். எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். வந்தவர் பஸ்சுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பினார்.

அவர் தெருமுனை திரும்பியதும் கேட்டேன். "ஏ புள்ள, அவரு பெரிய விலை சொல்லியிருந்தா குடுத்திருப்பியா?"

கொஞ்சம் யோசித்தாள்.

"குடுத்திருக்க மாட்டேன்" என்றாள். "ஆனா டீ குடுத்திருப்பேன்."